திங்கட்கிழமைப் பட்டை

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, பொறுப்பு சிஸ்டர் அவர்களே, இந்தத் துயரத்திலும் நம் அழைப்பை மதித்து வந்திருக்கும் அண்ணி அவர்களே, சிறுநீரக நோயாளர் சங்கத்தின் உறுப்பினர்களே, எங்களைக் கூட்டிவந்து, காத்திருந்து, கூட்டிப்போவதிலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்ட குடும்பத்தினரே, எல்லோருக்கும் என் வணக்கம். இன்னும் ஒரு கூட்டத்தாரை நான் தனியாக அழைத்தாக வேண்டும். இந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கையில் ஊசியோடும் ஊசியில் குழாயோடும், எழுந்துவர முடியாமல் சாய்ந்திருக்கும் விடியற்கால முறைச் சகோதர சகோதரிகளே! உங்களுக்காகத்தான் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். ஒலிபெருக்கியை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம். பேச்சு பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம் என்று மற்ற சபைகளில் சொல்வார்கள். உங்களிடம் அப்படிச் சொல்லவும் வழியில்லை.

என்னை உங்களுக்குத் தெரியும். சங்கத்தின் செயலாளர். அதற்கு முன்னால் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். வழக்கமாக நான் பேசினால் வண்டி புறப்படும். இன்று நான் என்ன பேசினாலும் எதுவும் புறப்படப் போவதில்லை. புறப்பட்டவர் திங்கட்கிழமை காலையிலேயே புறப்பட்டுவிட்டார். சுருக்கமாகப் பேசுங்கள், ரத்த அழுத்தம் ஏறிவிடும் என்று சிஸ்டர் சொல்லி அனுப்பினார். ஏறட்டும் சிஸ்டர். கூட்டம் முடிந்ததும் நான் உங்கள் கையில்தானே வந்து படுக்கப் போகிறேன், அப்போது அளந்துகொள்ளுங்கள்.

யாருக்காக இங்கே கூடியிருக்கிறோம்? நம் சங்கத்தின் தலைவர், பெயின்ட் கம்பெனியின் முன்னாள் விற்பனை மேலாளர், இந்தக் காத்திருப்புக் கூடத்தின் சுவரை நமக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர், பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் கிராஃப் அண்ணன். அவருக்காகக் கூடியிருக்கிறோம். அவர் தங்கமான மனிதர், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அண்ணியே சிரித்துவிடுவார். கோபக்காரர். பிடிவாதக்காரர். அடுத்தவர் கையில் இருக்கும் ரிப்போர்ட்டைக் கேட்காமலே பிடுங்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கலுக்கு நாங்கள் டாக்டருக்குப் பயப்படுவதைவிட அதிகம் பயப்படுவோம்.

நம் பிழைப்பு எப்படிப்பட்டது என்று புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. குடித்த தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. உடம்புக்குள்ளேயே தங்கும். காலில் தங்கும், முகத்தில் தங்கும், கடைசியில் நெஞ்சில் வந்து தங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் இங்கே வந்து நான்கு மணி நேரம் படுத்தால், இயந்திரம் ரத்தத்தை வாங்கிச் சுத்தம் செய்து, தண்ணீரையும் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும். எங்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி. இன்னொரு கூட்டத்துக்குச் செவ்வாய், வியாழன், சனி. ஞாயிற்றுக்கிழமை பூட்டு. சொந்தக்காரர் கல்யாணமென்றால் முதலில் கிழமை கேட்போம். சாவென்றாலும் கிழமைதான் கேட்போம். ஊருக்குப் போனால் இரண்டாம் நாள் திரும்பியாக வேண்டும். கயிறு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நீளம் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இது சிறைதான் என்று ஒருமுறை நான் சொன்னேன். சிறையிலாவது விடுதலைத் தேதி போடுவார்கள் என்றார் கிராஃப் அண்ணன்.

அப்படிக் கட்டிப்போட்ட மனிதர்களுக்கு மாதம் ஒருமுறை ஒரு காகிதம் வரும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பொடி எழுத்தில் ஒரு அட்டவணை. அதை நாங்கள் எப்படிப் படித்தோம் என்று நினைக்கிறீர்கள்? நட்சத்திரத்தை எண்ணினோம்! அளவு தப்பியிருந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கும். உனக்கு எத்தனை, எனக்கு எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். குறைவான நட்சத்திரம் வாங்கியவர் அன்று தலைநிமிர்ந்து நடப்பார். நம் லாரி டிரைவர் தம்பி, இதோ மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர் எப்போதும் ஐந்து வாங்குவார். கேட்டால், "நான் அஞ்சு நட்சத்திர ஹோட்டல்க்கா" என்று பெருமை வேறு.

கிராஃப் அண்ணன் இங்கே வந்து படுத்த புதிதில் இந்த எண்ணும் கூத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாரா? என்னைக் கேட்டார், வாழ்நாள் முழுக்க அட்டவணை வாசித்த அம்மா நீங்கள், உங்களுக்குக்கூடவா படிக்கத் தெரியாது என்று. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மை. பேருந்து நிலையத்தில் நான் அட்டவணையை வாசித்தேனே தவிரப் படித்ததில்லை. எழுதிக் கொடுத்ததை ஒலிபெருக்கியில் சொன்னேன். எந்த வண்டி தினமும் தாமதமாகிறது, ஏன் அந்த ஒன்று மட்டும் தாமதமாகிறது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

அன்றிலிருந்து தொடங்கியது அவருடைய வகுப்பு. புதன்கிழமைதோறும், நம் முறை வருவதற்கு முன்னால், இதே கூடத்தில், இதே பிளாஸ்டிக் நாற்காலிகளில். நட்சத்திரத்தை விடு, கடைசிப் பத்தியைப் பார் என்பார். எவ்வளவு வரை இருக்கலாம் என்று அங்கே போட்டிருக்கும். உன் எண் எல்லையை ஒட்டி நிற்கிறதா, எட்டிப் போய்விட்டதா? இரண்டுக்கும் ஒரே நட்சத்திரம்தான் போடுவான், ஆனால் ஒன்று தும்மல், இன்னொன்று நெருப்பு. பொட்டாசியத்துக்குப் போட்ட நட்சத்திரமும் கொழுப்புக்குப் போட்ட நட்சத்திரமும் ஒன்றா? ஒன்று இன்றைக்கே ஆளைத் தூக்கும், மற்றது ஆற அமரப் பேசலாம். ரத்தத்தை எப்போது எடுத்தார்கள், இயந்திரத்தில் ஏறுமுன்னா, இறங்கிய பின்னா? அது தெரியாமல் எண்ணைப் பற்றிப் பேசுவது, குளித்தவனையும் குளிக்காதவனையும் நிற்கவைத்து யார் அழுக்கென்று கேட்பது மாதிரி. இப்படித்தான் பேசுவார். திட்டுவது போலவே இருக்கும். ஆனால் மனதில் நிற்கும்.

என் கதை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். ஒரு மாதம் ஆய்வுக்கூடத்தில் புது ஏற்பாடு. எண்ணோடு சேர்த்து ஒரு கிராஃபும் அச்சடித்துக் கொடுத்தார்கள். என்னுடைய ஹீமோகுளோபின் கோடு மேலே இருந்து நேராகக் கீழே விழுந்துகிடந்தது. மொட்டைமாடியிலிருந்து குதித்த மாதிரி. தங்கைக்கு ஃபோன் செய்து, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்பதைக்கூடச் சொல்லிவிட்டேன். கிராஃப் அண்ணன் காகிதத்தைப் பிடுங்கினார். உதட்டைப் பிதுக்கவில்லை. உள்ளங்கையால் அந்தக் கோட்டை மறைத்தார்.

"கோட்டைப் பாத்து அழாதீங்க. இடது பக்கத்துல எந்த எண்ணுல ஆரம்பிச்சிருக்காங்கன்னு பாருங்க."

பார்த்தேன். சுழியத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை. ஒன்பதில் ஆரம்பித்துப் பத்தில் முடிந்திருந்தது. உள்ளே இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியைத் தாள் முழுக்க இழுத்து வைத்திருந்தார்கள். என் ரத்தம் குறைந்தது ஒரு மயிரிழை. ஊசியை மாற்றிக் குத்தினாலே அவ்வளவு வித்தியாசம் வரும் என்று பிறகு சிஸ்டரும் சொன்னார். ஒரு புள்ளி பயம் காட்டும், நாலு புள்ளி சேர்ந்தால்தான் பேசும் என்றார் அண்ணன். இந்த வித்தையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். விற்பனை ஒரு விரற்கடை ஏறினால் அதை மலை மாதிரி காட்டி முதலாளியிடம் கைதட்டல் வாங்கியவன் நான், கிராஃப் எப்படிப் பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்றார். மறைக்காமல் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவையோரே! கிராஃப் பொய் சொல்வது ஒருபக்கம் இருக்கட்டும். நாமே கிராஃபிடம் பொய் சொன்னோமே, அந்தக் கதையை இந்தக் கூட்டத்தில் சொல்லாமல் விட்டால் அவர் ஆவி என்னைச் சும்மா விடுமா? மாதத்தில் ஒருநாள்தான் ரத்தம் எடுப்பார்கள். எந்த நாள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய வாரம் நாம் என்ன செய்வோம்? விரதம்! தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக நக்குவோம். பொட்டாசியம் ஏறும் என்று பழத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டோம். ரிப்போர்ட் அழகாக வரும். டாக்டரும் மகிழ்ந்து, இதே மருந்தைத் தொடருங்கள் என்பார். அன்று சாயங்காலமே டிரைவர் தம்பி பழக்கடையில் நிற்பார். மிச்ச மூன்று வாரம் நம் உடம்பு என்ன பாடு பட்டது என்று எந்தக் காகிதத்திலும் கிடையாது. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிவிட்டோம், அந்தப் பெயருக்குள்ளேயே மாட்டிக்கொண்டோம். மூச்சு வாங்குகிறது என்று சொல்லவும் முடியாது. ரிப்போர்ட் நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள்.

அண்ணன் அதைக் கண்டுபிடித்தது ரிப்போர்ட்டில் அல்ல, எடைப் பலகையில். ஒவ்வொரு முறையும் ஏறுமுன் நம்மை நிறுத்துகிறார்களே, அந்த எடை அட்டவணை சிஸ்டரின் மேஜையில் திறந்தே கிடக்கும். தண்ணீர் சேர்ந்தால் எடை கூடும். எல்லோருக்கும் எல்லா வாரமும் கூடுகிறது, பரிசோதனை வாரம் மட்டும் எல்லோரும் ஒரேயடியாக இளைத்துவிடுகிறார்கள்! ஒரு புதன்கிழமை எல்லோர் முன்னிலையிலும் டிரைவரைக் கேட்டார்.

"ஏன் தம்பி, மாசத்துல ஒரு வாரம் மட்டும் உனக்குத் தாகமே எடுக்காதா?"

கூடமே சிரித்தது. தம்பிக்குக் கோபம். நீங்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்டுவிட்டார். அண்ணன் கோபப்படவில்லை. நானும்தான் செய்கிறேன் என்றார். மாதக் கடைசியில் கடைக்காரர்கள் தலையில் சரக்கைக் கட்டிக் கோட்டைத் தூக்கி நிறுத்திய ஆள் நான், பழக்கம் விடுமா என்றார். சரக்கென்றால் அடுத்த மாதம் திரும்பி வரும், இங்கே என்ன திரும்பி வரும் என்று அவரே கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சுவரில் கட்டம் போட்ட பெரிய தாள்களை ஒட்டினார். மாதம் ஒரு புள்ளி வேண்டாம், வரும் நாளெல்லாம் புள்ளி என்றார். இயந்திரத்தில் ஏறுமுன் எடை ஒரு புள்ளி, இறங்கியபின் ஒரு புள்ளி. பெயர் கிடையாது, உள்ளே படுக்கும் சாய்வு நாற்காலியின் எண் மட்டும். எல்லோருடைய சராசரியையும் போட்டால் போதாதா என்று யாரோ கேட்டார்கள். நீ ஒரு சொட்டும் குடிக்கவில்லை, டிரைவர் ஒரு குடம் குடித்தான், சராசரியில் இரண்டு பேருக்கும் அரைக்குடம், யாருக்கு மூச்சு முட்டும் என்று கண்டுபிடி பார்க்கலாம் என்றார். ஆகவே ஆளுக்கொரு கோடு. ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்கி, ஏறி இறங்கி. நாம் அதைப் படிக்கக் கற்றோம். தன் கோட்டைப் பார்த்துத் தண்ணீரைக் குறைத்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லவில்லை, உள்ளே இருப்பவர்களால் கை தூக்கவும் முடியாது. உங்களுக்கே தெரியும்.

அந்தக் கோடுகளில்தான் அவர் அதைப் பார்த்தார். பல் எல்லாம் ஒரே உயரமில்லை. எங்கள் கூட்டத்துக்குத் திங்கட்கிழமைப் பல் மட்டும் நீளம். மற்ற கூட்டத்துக்குச் செவ்வாய்க்கிழமைப் பல். ஏன்? நடுவில் பூட்டிய ஞாயிறு இருக்கிறது. மற்ற நாட்களில் ஒருநாள் இடைவெளி, அங்கே இரண்டு நாள். அந்த இரண்டாம் நாளில் நாம் எப்படி இருப்போம் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். செருப்பு நுழையாது. தலையணையை அடுக்கிச் சாய்ந்துதான் மூச்சு விடுவோம். எப்போதடா விடியும் என்று இருக்கும். இதெல்லாம் நம் தலையெழுத்து என்று இருந்துவிட்டோம். அது தலையெழுத்து அல்ல, கால அட்டவணை என்று சொன்னவர் கிராஃப் அண்ணன்!

டாக்டரிடம் அனுமதி வாங்கினார். சிஸ்டர் பெயர்களை மறைத்து, கிழமையை மட்டும் எடுத்துக் கொடுத்தார். நம்மில் யார் மூச்சுத் திணறியோ நெஞ்சடைத்தோ அவசரமாக வந்தார்கள், யார் வராமலே போய்ச் சேர்ந்தார்கள், அது எந்தக் கிழமை. ஆளுக்கொரு கட்டம். நீலப் பென்சிலால் நிரப்பினார். கிழமைக்கொரு பட்டை எழுந்தது. எங்கள் கூட்டத்தில் திங்கட்கிழமைப் பட்டை மற்றதையெல்லாம் தாண்டி நின்றது. மற்ற கூட்டத்தில் செவ்வாய். டிரைவர் தம்பி துள்ளிக் குதித்தார். இதைவிட என்ன வேண்டும், இந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு நிர்வாகத்தின் வாசலில் போய் உட்காருவோம், ஞாயிற்றுக்கிழமையும் திறக்கட்டும், சுழல் முறையில் யாருக்கும் இரண்டு நாள் இடைவெளி வராமல் செய்யட்டும் என்றார். நானும் தயார். எனக்குக் குரல் இருக்கிறது, ஒலிபெருக்கிகூட வேண்டாம்.

அண்ணன்தான் தடுத்தார். முதலில் இந்தக் கணக்கை நம் கையாலேயே அடித்துப் பார்ப்போம், உடைகிறதா என்று பார்ப்போம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கிறது, அன்றைக்கு வரவேண்டியவர்கள் காத்திருந்து திங்கட்கிழமை வந்திருந்தால்? அப்போது அந்தப் பட்டைக்கு அர்த்தமே வேறாயிற்றே? இந்தக் கேள்வியை நிர்வாகம் கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை, அவரே கேட்டார். ஞாயிறும் திறந்திருக்கும் அவசரப் பிரிவுக்குப் போய் அந்தக் கணக்கையும் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமைப் பட்டை கொஞ்சம் எழுந்தது. திங்கட்கிழமை அப்போதும் மேலேதான் நின்றது.

தலைமை மருத்துவர் அவர்களே, அதற்குப் பிறகு அவர் உங்கள் அறைக்கு வந்தார். நானும் கூட இருந்தேன். நீங்கள் அவரை அவமதிக்கவில்லை. உட்காரவைத்து, தாளை முழுதாகப் பார்த்தீர்கள். பெரிய பெரிய மருத்துவமனைகளிலும் இதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றீர்கள். ஆனால் இது சின்னப் பிரிவு, கட்டங்கள் குறைவு, தற்செயலாகக்கூட இப்படி விழலாம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் வேண்டும், நிர்வாகக் குழு இன்னும் ஒரு வருடக் கணக்கைக் கேட்கும் என்றீர்கள். நீங்கள் சொன்னதில் தப்பு இருந்ததா? இல்லை. அதுதான் கொடுமை. அண்ணனே தலையசைத்தார். கட்டம் கம்மிதான், காத்திருப்போம் என்றார்.

நான் காத்திருக்கவில்லை. வெளியே வந்ததும் நடைவழியிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபமான கோபம். அவர் பாட்டுக்குத் தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கட்டம் வேணும்னு சரின்னுட்டு வந்துட்டீங்களே, அந்தக் கட்டமெல்லாம் எங்கேருந்துண்ணே வரும்?"

அவர் சுருட்டுவதை நிறுத்தினார்.

"நம்மகிட்ட இருந்துதான்."

அவ்வளவுதான். மறுபடி தாளைச் சுருட்டத் தொடங்கினார். சகோதர சகோதரிகளே, இயந்திரத்தில் கட்டிக்கிடப்பது ஒரு கட்டு. அது உயிரைக் காப்பாற்றும் கட்டு, பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இது என்ன கட்டு? நமக்கு ஆபத்து என்று நிரூபிக்க வேண்டுமென்றால், அந்த ஆபத்து நமக்கு நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் ஆதாரம் இல்லை. நடந்துவிட்டால் ஆளில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்! நேர்மையாக எண்ணத் தெரிந்த மனிதர் தன் நேர்மையாலேயே அந்தச் சுவருக்குள் போய் உட்கார்ந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கால் வீங்கியிருந்தது. அவசரப் பிரிவுக்குப் போகலாம் என்று அண்ணி கெஞ்சியிருக்கிறார். விடிந்தால் நம் முறைதானே என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலை, இங்கே வருவதற்குச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது, பொத்தான் போடும் முன்பே கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவில்லை.

இந்தப் பிரிவில் ஒரு பேச்சு உலவுகிறது. கிராஃபுக்காகவே அவர் போகாமல் இருந்தார், பட்டையில் ஒரு கட்டம் கூடட்டும் என்று உயிரை விட்டார், தியாகி என்று. சொல்பவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தச் சபையில் அதை நான் மறுக்கிறேன். அவரை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது. ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்து ரிப்போர்ட்டை ஏமாற்றியதற்கே வெட்கப்பட்ட மனிதர், தன் சாவை வைத்துப் பட்டையை உயர்த்துவாரா? நேற்று அண்ணியிடம் நேரடியாகக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ஆஸ்பத்திரிக்கு இன்னொரு தடவை போகணும்னாலே அவருக்கு அலுத்துப்போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமையாவது வீட்டுல இருக்கேனேன்னார்."

கேட்டீர்களா? தியாகமும் இல்லை, திட்டமும் இல்லை. ஒரு மனிதருக்கு ஒருநாள் வீட்டில் இருக்க ஆசை. நம் எல்லோருக்கும் இருக்கும் ஆசை.

இன்று காலை அந்தச் சுவருக்கு முன்னால் நானும் டிரைவர் தம்பியும் நின்றோம். எங்கள் இருவருக்கும் பெரிய வாக்குவாதம். அண்ணனுடைய கட்டத்தைச் சிவப்பில் போட வேண்டும், பெரிதாகப் போட வேண்டும், மேலே படத்தை ஒட்ட வேண்டும், பார்க்கிறவன் பதற வேண்டும் என்றார் தம்பி. எனக்கும் அந்த ஆசை வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், வந்தது. அந்தச் சுவர் முழுக்கச் சிவப்பாக்கிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் கட்டத்தைப் பெரிதாக்கினால் கிராஃபில் இடதுபக்க எண்ணை வெட்டியவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவருக்கு முன்னால் அந்தப் பட்டையில் இருப்பவர்களுக்கும் வீடு இருந்தது, மனைவி இருந்தார், போட வேண்டிய பொத்தான் இருந்தது. அவர்களுக்கெல்லாம் நீலத்தில் ஒரு கட்டம். ஆகவே அவருக்கும் நீலத்தில் ஒரு கட்டம். அதே அளவு. நான்தான் நிரப்பினேன். கோட்டுக்கு வெளியே போகாமல் நிரப்பினேன். தம்பி பென்சிலைச் சீவிக் கொடுத்தார். கூட்டம் முடிந்ததும் பாருங்கள், எது அவருடையது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

தலைமை மருத்துவர் அவர்களே! உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. எங்கள் பக்கம் நின்றால் நிர்வாகம், நிர்வாகத்தின் பக்கம் நின்றால் நாங்கள். நீங்களும் நடுவில் மாட்டிக்கொண்டவர்தான், எனக்குத் தெரிகிறது. ஒரு சாவு எதையும் நிரூபிக்காது. ஒரு புள்ளி பேசாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அந்தப் புள்ளியாகிவிட்டார், அதற்காகப் பாடத்தை நான் மாற்றமாட்டேன். அவருடைய சாவைக் காட்டி உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். எத்தனை கட்டம் வேண்டும்? ஒரு எண்ணைச் சொல்லுங்கள். குறைவு, குறைவு என்கிறீர்களே, எவ்வளவு ஆனால் போதும் என்று நிர்வாகக் குழுவை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த உயரத்தில் இந்தத் தாளில் நாங்கள் ஒரு கோடு போட்டுக்கொள்கிறோம். பட்டைக்கும் கோட்டுக்கும் நடுவில் எத்தனை வெற்றுக் கட்டம் என்று அப்போது எண்ணிவிடலாம். இங்கே உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்த்துக்கொண்டே அந்த எண்ணைச் சொல்ல முடியுமென்றால் சொல்லுங்கள். முடியாதென்றால், ஏன் முடியவில்லை என்று அந்தக் குழுவிடம் போய்ச் சொல்லுங்கள்.

அண்ணி அவர்களே, உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. வாய்தான் என் தொழில், ஆனாலும் இல்லை. அவர் இல்லாத வீட்டுக்கு இனிமேல் கிழமை கிடையாது. உங்களுக்கு எப்போது முடிகிறதோ அப்போது இங்கே வாருங்கள். யாரையும் கூட்டிவர வேண்டியதில்லை, சும்மா வாருங்கள்.

அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் உறுதி எடுப்பது வழக்கம். எடுக்கிறேன். புதன்கிழமை வகுப்பு நிற்காது. இனி நான் நடத்துகிறேன், உதட்டைப் பிதுக்குவதற்கு டிரைவர் தம்பி பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார். புதிதாக வருகிறவர் நட்சத்திரத்தை எண்ணினால் தடுப்போம். எடைப் புள்ளியை ஒருநாளும் விடமாட்டோம். பரிசோதனை வாரமென்று யாரும் நாக்கைக் கட்டிப்போட வேண்டாம், உள்ளது உள்ளபடி ரத்தத்தைக் கொடுப்போம். அந்தப் பட்டையில் ஒரு கட்டத்தையும் கூட்ட மாட்டேன், ஒரு கட்டத்தையும் மறைக்க மாட்டேன். இதுவரை சொன்னதெல்லாம் என் கையில் இருக்கிறது, ஆகவே உறுதியாகச் சொல்கிறேன்.

இதற்குமேல் ஒரு உறுதி இருக்கிறது. அது என் கையில் இல்லை. அந்தப் பென்சிலை மறுபடி எடுக்க மாட்டேன் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. சொல்ல முடியவில்லை. அவரிடம் படித்த பிறகு சொல்ல முடியவில்லை.

சிஸ்டர் கையசைக்கிறார். உள்ளே விடியற்கால முறை முடியப்போகிறது, நாற்காலிகள் காலியாகும், எங்களை எடை பார்க்கக் கூப்பிடுவார்கள். இன்று வெள்ளிக்கிழமை. நாங்கள் போய்ப் படுப்போம், எழுந்து வீட்டுக்குப் போவோம். நாளை சனி, மறுநாள் பூட்டு. டாக்டர், திங்கட்கிழமை காலை கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள். வந்து, எங்களை எண்ணிப் பாருங்கள்.